சதுர அடி ரேட்டில் ஒளிந்திருக்கும் ஆழம்: வீட்டுக் கான்கிரீட் வேலைக்குச் செலவு கணக்கிடுவது எப்படி?

"சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?"

வீட்டில் சின்னதாக ஒரு கான்கிரீட் வேலை செய்ய நினைக்கிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலும் சட்டென்று வந்துவிடும். இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு ரேட் கிடைக்கும். மூன்றாவது ஆள் சொல்வது முதல் ஆள் சொன்னதில் பாதியாக இருக்கும். உடனே "அவன் கொள்ளையடிக்கிறான், இவன்தான் நியாயமான ஆள்" என்று முடிவு கட்டிவிடுவோம். உண்மையில் மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஒருவர் மனதில் நான்கு அங்குலக் கனம், இன்னொருவர் மனதில் கம்பியோடு ஆறு அங்குலம், மூன்றாமவர் கூலியை மட்டும் சொல்லியிருப்பார்.

தரை ஓடு, பெயிண்ட் மாதிரியான வேலைகளுக்குச் சதுர அடிக் கணக்கு சரிப்படும். கான்கிரீட்டுக்கு நீளம், அகலத்தோடு ஆழமும் உண்டு. பணம் போவது பெரும்பாலும் அந்த ஆழத்துக்குத்தான். சதுர அடி ரேட்டில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் நான் யாருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் கன அடியில்தான் தொடங்குவேன். கடைசியில் வேண்டுமானால் சதுர அடிக்கு வகுத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். வீட்டு முன்புறம் கார் நிறுத்த ஒரு தளம்: நீளம் 20 அடி, அகலம் 12 அடி. பரப்பு 240 சதுர அடி. கனம் 5 அங்குலம் என்று வைப்போம். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் கணக்கு இப்படி:

20 × 12 × 5 ÷ 12 = 100 கன அடி

லாரிக்காரர் மொழியில் சொன்னால் இது சரியாக ஒரு யூனிட். கன மீட்டரில் சொல்ல வேண்டுமானால் 35.3-ஆல் வகுங்கள், 2.83 வரும். இதே தளத்தை 4 அங்குலத்தில் போட்டால் 80 கன அடி, 6 அங்குலத்தில் போட்டால் 120. சதுர அடி ஒன்றுதான், கான்கிரீட் மட்டும் ஒன்றரை மடங்கு வித்தியாசப்படுகிறது. நடைபாதைக்கு நான்கு அங்குலம் தாராளம். கார் ஏறும் இடத்துக்குக் குறைந்தது ஐந்து வேண்டும். பாரவண்டி வருமென்றால் ஆறுக்குக் கீழே யோசிக்காதீர்கள்.

தளம் நேர்சதுரமாக இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரு தாளில் வரைந்து செவ்வகங்களாக வெட்டுங்கள். மூலையில் முக்கோணம் மிஞ்சினால் நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பாதி எடுங்கள். படிக்கட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான்கு அடி அகலம், ஆறு அங்குல உயரம், பத்து அங்குல மிதி என்று மூன்றே படி. முதல் படிக்கு அரை அடி உயரம், இரண்டாவதற்கு ஓர் அடி, மூன்றாவதற்கு ஒன்றரை அடி. ஆக மூன்று அடி. 4 × 10/12 × 3 = 10 கன அடி. கால் வைத்து ஏற மூன்று படிதான், ஆனால் முழுக்கக் கான்கிரீட்டாகப் போட்டால் அந்தப் பெரிய தளத்தில் பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த மேஸ்திரி உள்ளே செங்கல்லோ கருங்கல்லோ அடுக்கிவிட்டு மேலே மட்டும் கான்கிரீட் போடுவார்.

அரை அங்குலத்தின் விலை

தாளில் 100 கன அடி என்று வந்துவிட்டது. தரையில் அது 100-ஆக இருக்காது.

முதன்முதலில் நான் சொந்தமாகக் கணக்குப் போட்ட வேலையில் கடைசி மூலையில் சிமெண்ட் தீர்ந்துபோனது. கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தப்பே இல்லை. தப்பு தரையில் இருந்தது. நடுவில் மண் லேசாகக் குழிந்திருந்ததை யாரும் நூல் கட்டிப் பார்க்கவில்லை. 240 சதுர அடியில் சராசரியாக அரை அங்குலம் பள்ளம் இருந்தால் 10 கன அடி கூடுதலாகக் குடிக்கும். சிமெண்ட்டில் சொன்னால் இரண்டேகால் மூட்டை. கண்ணுக்கு அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது.

இரண்டு பக்கமும் முளை அடித்து, தளத்தின் மேல்மட்டத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலிலிருந்து மண் வரை ஒரு பத்துப் பதினைந்து இடத்தில் டேப் வைத்து அளந்து சராசரி எடுங்கள். அதுதான் உங்கள் உண்மையான கனம். கான்கிரீட் கணக்கில் இதைவிட லாபமான அரை மணி நேரம் வேறு கிடையாது.

தண்ணீர் ஓடுவதற்கான வாட்டமும் இதே கதைதான். 12 அடி அகலத்துக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் மேல் ஓரம் கீழ் ஓரத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயரும். மண்ணைச் சமமாக வெட்டிவிட்டு வாட்டத்தைக் கான்கிரீட்டில் கொடுத்தால் 14 கன அடி வீணாகப் போகும். மண்ணையே வாட்டமாக வெட்டிவிட்டால் அந்தச் செலவு இல்லை.

நூற்றுக்கு ஏன் நூற்று ஐம்பத்து நான்கு?

இனி பொருள் கணக்கு. சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை 1:1½:3 என்பது போல எழுதுவார்கள். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இதைத்தான் எம்20 கலவை என்றும் சொல்வார்கள். 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்பது அந்த 20-இன் பொருள். கம்பி போடுகிற வேலைக்கு இதுதான் வழக்கமான கலவை. 1:2:4 என்றால் எம்15. அடியில் மட்டம் கட்ட மட்டும் போடும் கான்கிரீட்டுக்கு 1:4:8 போதும்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. 100 கன அடி கான்கிரீட்டுக்கு 100 கன அடி பொருள் வாங்கினால் போதாது. ஜல்லிக்கு நடுவே இருக்கும் சந்தில் மணல் புகும், மணலுக்கு நடுவே சிமெண்ட் புகும். தண்ணீர் விட்டுக் கலந்து குத்தியதும் எல்லாம் அமுங்கிவிடும். உலர்ந்த பொருளாக 154 கன அடி போட்டால்தான் 100 கன அடி கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம்.

1:1½:3 என்றால் மொத்தம் ஐந்தரைப் பங்கு. 154-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 28 கன அடி. அப்படியானால்,

சிமெண்ட் 28 கன அடி
மணல் 42 கன அடி
ஜல்லி 84 கன அடி

50 கிலோ மூட்டை ஒன்று 1.23 கன அடிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 28-ஐ அதனால் வகுத்தால் 22.8, அதாவது 23 மூட்டை. சிந்துவது சிதறுவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 24 மூட்டை, 45 கன அடி மணல், 90 கன அடி ஜல்லி என்று வாங்குங்கள். ஒரு மூட்டை மிஞ்சினால் திருப்பிக் கொடுத்துவிடலாம், பூச்சு வேலைக்கும் ஆகும். ஒரு மூட்டை குறைந்தால் கதை வேறு: ஆள் கடைக்கு ஓடி வருவதற்குள் போட்ட பாகம் இறுகத் தொடங்கிவிடும். பழசும் புதுசும் சேரும் அந்தக் கோட்டில்தான் பின்னால் விரிசல் விடும், தண்ணீர் இறங்கும்.

இதே 100 கன அடியை 1:2:4-இல் கலந்தால் எத்தனை மூட்டை? 154 ÷ 7 = 22 கன அடி, 18 மூட்டை. பார்த்தீர்களா, ஒரே தளத்தில் ஐந்து மூட்டை வித்தியாசம். போட்டு முடித்த பிறகு இரண்டுக்கும் நிறத்தில் வேற்றுமை தெரியாது. குறைந்த ரேட் சொல்பவரிடம் "கலவை என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியது இதற்காகத்தான். வேலை முடிந்ததும் வெற்றுச் சாக்குகளை எண்ணிப் பாருங்கள். சந்தேகப்படுவதாக யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எண்ணுவதற்கு முன்பே ஒழுங்குபடுத்தவும் வழி உண்டு. 35 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 40 உயரத்தில் அடியில்லாத ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். அதில் ஒரு மூட்டை சிமெண்ட்டின் அளவு சரியாகக் கொள்ளும். ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. சட்டியால் அளந்தால் காலையில் குவித்து வரும் சட்டி மதியத்துக்கு மேல் தலைதட்டி வரும்.

தண்ணீருக்கு விலை போடத் தேவையில்லை என்று நினைப்போம். ஒரு மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது எம்20-க்கான வரம்பு. மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கலவை இளகலாக இருந்தால் இழுத்துவிட எளிது, அதனால் வேலை செய்பவர் கை தானாகவே குடத்தைத் தேடும். தண்ணீர் ஏற ஏறக் கான்கிரீட்டின் வலு இறங்கும் என்பதை டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918-இலேயே காட்டிவிட்டார். எம்20-க்கான சிமெண்ட்டைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, கூடுதலாக இரண்டு குடம் தண்ணீரால் அதை எம்15 ஆக்கிக்கொள்வது நடக்கக்கூடாத நஷ்டம்.

மணலில் காற்று

மணலை அளந்துதான் வாங்குகிறோம், அளவில் என்ன ஏமாற்றம் என்று கேட்கலாம். லேசாக ஈரமான மணல் உப்பும். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் நீர்ப்படலம் நின்று அடுத்த மணியைத் தள்ளி வைக்கும். நைஸான மணல் என்றால் கால் பங்குக்கு மேலும்கூட உப்பிவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வாளி போதும். நேரான பக்கங்கள் உள்ள வாளியில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போடுங்கள், அமுக்க வேண்டாம். மணல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறிவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். மணல் படிந்து 16 சென்டிமீட்டருக்கு இறங்கியிருந்தால், 16-க்கு 4 உப்பியிருக்கிறது என்று அர்த்தம்; நூற்றுக்கு 25. நமக்கு வேண்டிய 42 கன அடி மணலுக்கு நீங்கள் 52½ கன அடி வாங்க வேண்டும். முழுக்கக் காய்ந்த மணலும் முழுக்க நனைந்த மணலும் உப்பாது என்பது வேடிக்கை. இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் குழப்பம்.

கம்பி: எடையும் வெட்டும்

கம்பிக் கணக்கைப் பலர் "டன்னுக்கு இவ்வளவு" என்று மேஸ்திரியிடம் விட்டுவிடுவார்கள். ஒரு சூத்திரம் தெரிந்தால் நீங்களே போடலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுங்கள். ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 8 மி.மீ. கம்பிக்கு 64 ÷ 162 = 0.395 கிலோ. 10 மி.மீ.க்கு 0.617. 12-க்கு 0.889.

நம் தளத்தில் 8 மி.மீ. கம்பியை இரண்டு திசையிலும் 8 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டுவோம். நீளவாக்கில் ஓடும் கம்பி: 12 அடி அகலத்தில் 18 இடைவெளி, அதற்கு ஒன்று கூட்டி 19 கம்பி. குறுக்கே: 20 அடியில் 30 இடைவெளி, 31 கம்பி. ஓரத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் கவரிங் (கம்பி வெளியே தெரியாமல் கான்கிரீட் மூடும் இடம்) விட்டால் நீளக் கம்பி 19 அடி 8 அங்குலம், குறுக்குக் கம்பி 11 அடி 8 அங்குலம்.

இப்போது வெட்டுவதைப் பார்ப்போம். கடையில் வரும் கம்பி 12 மீட்டர், அதாவது 39 அடி 4 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. அதில் நீளக் கம்பி இரண்டு கச்சிதமாக அடங்கும். 9 முழுக் கம்பியில் 18 கிடைத்துவிடும். பத்தாவதில் ஒரு நீளக் கம்பி, மிஞ்சியதில் ஒரு குறுக்குக் கம்பி; எட்டடித் துண்டு ஒன்று மிச்சம். மீதி 30 குறுக்குக் கம்பிக்கு இன்னொரு பத்து முழுக் கம்பி. ஒவ்வொன்றிலும் மூன்று வெட்டலாம், நாலேகால் அடிக்குச் சற்று அதிகமாகத் துண்டு மிஞ்சும். மொத்தம் 20 முழுக் கம்பி. ஒரு முழுக் கம்பி 4.74 கிலோ, ஆக 95 கிலோ. கட்டுக்கம்பி ஒரு கிலோ போதும்.

நீள அகலத்தை வைத்து எடை மட்டும் போட்டிருந்தால் 90 கிலோ என்று வந்திருக்கும். வெட்டுத் துண்டையும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். தளத்தின் அளவை ஓரிரு அங்குலம் முன்பின் மாற்றினாலே சில சமயம் இரண்டு மூன்று கம்பி மிச்சமாகும். நீளம் 20 அடி 6 அங்குலமாக இருந்திருந்தால் ஒரு கம்பியில் இரண்டு விழாது என்பதை யோசித்துப் பாருங்கள்.

மண்மேல் படுத்திருக்கும் தளத்துக்குத்தான் இந்தக் கணக்கு. மொட்டைமாடி, சன்ஷேடு, பால்கனி என்று அந்தரத்தில் நிற்கும் எதற்கும் கம்பியின் விட்டத்தையும் இடைவெளியையும் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அவருடைய கட்டணத்தையும் செலவுத் தாளில் முதல் வரியாக எழுதிவிடுங்கள். உத்தேசம் வேண்டுமென்றால், அந்தரத் தளத்தில் கான்கிரீட் கன அளவில் நூற்றுக்கு முக்கால் முதல் ஒரு பங்கு வரை கம்பி இருக்கும். ஒரு கன மீட்டருக்கு 60 முதல் 80 கிலோ. நம் கார் தளத்தில் அது 33 கிலோதான்.

கான்கிரீட் இல்லாத செலவுகள்

இதுவரை வந்ததெல்லாம் எளிதில் எண்ணக்கூடியவை. சிறிய வேலைகளில் பட்ஜெட்டை உதைப்பது பெரும்பாலும் மற்றவைதான்.

முதலில் மண். 5 அங்குலத் தளம், அதற்கடியில் கெட்டித்த கிராவல் (சரளை மண்) 4 அங்குலம் என்றால் 9 அங்குலம் தோண்ட வேண்டும். 180 கன அடி. தோண்டிய மண் பொலபொலத்துக் கால் பங்கு கூடும். வண்டியில் ஏற்றும்போது 225 கன அடி. கிராவலுக்கு இதன் தலைகீழ்: கெட்டித்த பின் 80 கன அடி நிற்க வேண்டுமானால் வாங்கும்போது 100 கன அடி வேண்டும். பழைய தளத்தை உடைத்து எடுப்பதாக இருந்தால் இன்னும் மோசம். 80 கன அடிப் பழைய கான்கிரீட் உடைந்து குவியும்போது ஒன்றரை மடங்கு, 120 கன அடி ஆகிவிடும். உடைக்கக் கூலி, அள்ளக் கூலி, கொட்ட இடம், வண்டி வாடகை. புதிதாகப் போடுவதைவிட இருப்பதை மாற்றுவது ஏன் செலவு அதிகம் என்பதற்கு விடை இங்கேதான்.

அடுத்து சுமை. நம் 100 கன அடிக் கான்கிரீட்டின் எடை 6.8 டன். லாரி நிற்கும் இடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து இருந்தால் அந்த ஏழு டன்னையும் தலையிலும் தள்ளுவண்டியிலும்தான் கொண்டுபோக வேண்டும். மாடிக்கு ஏற்றுவதென்றால் அது இன்னொரு கணக்கு. ஆட்கள் வந்து இடத்தைப் பார்க்காமல் போனில் சொல்லும் கூலியை நான் நம்புவதில்லை.

சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் பலகை அச்சு, நம் தளத்துக்குச் சொற்பம்: சுற்றிலும் 64 அடிக்கு ஓரப்பலகை, அவ்வளவுதான். ஒரு பக்கம் சுவர் இருந்தால் அதுவும் குறையும். அந்தரத் தளத்துக்கு அடிப்பரப்பு முழுவதும், பீமின் இரண்டு பக்கமும் சதுர அடிக் கணக்கில் வரும். அங்கே வாடகை நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்குட்பட்ட தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் நிற்க வேண்டும். வாடகையை மிச்சம் பிடிக்க முட்டுகளை முன்னால் உருவுவதை மட்டும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

மிக்சர் இயந்திரம் ஒரு சுற்றுக்கு ஒரு மூட்டை. நம் வேலைக்கு 23 சுற்று. சுற்றுக்கு ஏழு நிமிடம் பிடித்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் வாடகை ஒரு நாளுக்குத்தான். ஆட்களும் முழுநாள் கூலிக்குத்தான் வருவார்கள். இதனால்தான் 20 கன அடி வேலைக்கு ஆகும் செலவு, 100 கன அடி வேலையின் ஐந்தில் ஒரு பங்காக இருப்பதே இல்லை. வண்டி, இயந்திரம், ஆள் மூன்றும் வேலை சிறிது என்பதற்காகச் சிறுப்பதில்லை. வாசல் படி, மோட்டார் மேடை, உடைந்த நடைபாதை என்று சில்லறையாக இருப்பதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் போட்டுவிட்டால் இந்த நிலையான செலவை ஒருமுறைதான் கொடுப்பீர்கள்.

ஆலையிலேயே கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் வாங்கலாமா? வண்டி ஒன்று ஆறு கன மீட்டர் அளவுக்குக் கொண்டுவரும். நமக்கு வேண்டியது 2.83. அரை வண்டிக்கும் குறைவாகக் கேட்டால் குறைந்தபட்சக் கட்டணம் போட்டுவிடுவார்கள், பம்பு தனி. ஆலையில் கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும், அதற்கு ஆள் அதிகம் வேண்டும். பெரிய மொட்டைமாடிக்கு ரெடிமிக்ஸ் நல்ல முடிவு. இந்த அளவுத் தளத்துக்கு இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

கியூரிங்கை, அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதை, யாரும் செலவில் எழுதுவதில்லை. தளத்தில் பாத்தி கட்டி ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த 570 லிட்டர் ஆகும். வெயிலில் வற்றியதை நிரப்பிக்கொண்டே குறைந்தது 7 நாள், வெயில் கடுமையாக இருந்தாலோ சாம்பல் கலந்த சிமெண்டாக இருந்தாலோ 10 நாள். வீட்டில் ஆள் இல்லை என்றால் இதற்கும் ஒருவருக்குக் கூலி உண்டு. நனைந்த சாக்கு போர்த்தினால் தண்ணீர் பெருமளவு மிச்சம்.

தளம் காய்ந்து சுருங்கும்போது எங்கே விரிசல் விட வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதற்குத் தோன்றிய இடத்தில் விரிசல் விடும். கனத்தைப் போல் 24 முதல் 30 மடங்கு தூரத்துக்கு ஒரு ஜாயிண்ட் (மேலே கோடாக வெட்டிவிடும் இடம்) என்பது கணக்கு. ஐந்து அங்குலத்துக்குப் பத்து அடி. நம் தளத்துக்கு நடுவில் ஒரே ஒரு வெட்டு, ஒன்றேகால் அங்குல ஆழம். மொத்தச் செலவில் மிக மலிவான வரி இது. பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

கொட்டேஷனை வாசிப்பது

எல்லா அளவும் வந்துவிட்டால், ஒவ்வொன்றின் எதிரிலும் உங்கள் பக்கத்து விலையை எழுதிப் பெருக்குங்கள். மண் வேலை, கிராவல், சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி, சென்ட்ரிங், மிக்சர், வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிர்த்து அமுக்கும் கருவி), கூலி, கியூரிங், குப்பை அகற்றல். புதுத் தரையில் வேலை என்றால் மொத்தத்தில் பத்து சதவீதம் எதிர்பாராத செலவுக்காகத் தனியே வையுங்கள். பழசை உடைத்துச் செய்யும் வேலைக்கு நான் பதினைந்து வைப்பேன். உடைக்கும் வரை கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது; பழைய குழாய் ஒன்று தலைகாட்டினால் போதும்.

கடைசித் தொகையை 240-ஆல் வகுத்தால் உங்கள் சதுர அடி ரேட் வரும். இனி அந்த மூன்று பேர் சொன்ன ரேட்டை இதன் பக்கத்தில் வைக்கலாம். யாரிடமும் பேரம் பேசுவதற்கு முன் ஒரே தாளை மூவரிடமும் கொடுத்து விலை எழுதச் சொல்லுங்கள்: கனம் 5 அங்குலம், கலவை 1:1½:3, 8 மி.மீ. கம்பி 8 அங்குல இடைவெளியில், அடியில் 4 அங்குலக் கிராவல், மண்ணை அகற்றுவதும் கியூரிங்கும் யார் பொறுப்பு என்பது. பாதி விலை சொன்னவர் இந்தத் தாளைப் பார்த்ததும் தன் ரேட்டை மாற்றினால் கோபப்பட வேண்டாம். முதல்முறை நாம்தான் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

கூலி மட்டும் பேசுவதாக இருந்தால் பொருள் உங்கள் பொறுப்பு. வீணாவதும் உங்கள் கணக்கில்தான் ஏறும். பொருளோடு பேசினால் அலைச்சல் இல்லை, ஆனால் சாக்கு எண்ணும் வேலை உங்களுடையது. நாள்முழுக்கக் கூடவே நிற்க முடிந்தவருக்கு முதலாவது லாபம். முடியாதவருக்கு இரண்டாவதுதான் நிம்மதி.

வேலை நாளன்று இன்னொன்றும் செய்துவையுங்கள். எப்படியும் கடைசியில் நான்கைந்து சட்டி கான்கிரீட் மிஞ்சும், அதைப் பெரும்பாலும் ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். காலையிலேயே சாக்கடை மூடிக்கோ தண்ணீர்த் தொட்டி மூடிக்கோ அளவெடுத்து, பலகையால் ஓர் அச்சு அடித்து, கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து வைத்துவிடுங்கள். உள்ளே கட்டக் கம்பி புதிதாக வாங்க வேண்டாம். அந்த நாலேகால் அடித் துண்டுகள் பத்தும் அப்படியே கிடக்கும்.